பள்ளி விட்ட பிறகு

ஆண்டுதோறும் ஜூன் 26 சர்வதேசப் போதைப்பொருள் ஒழிப்பு நாள். காலைக் கூட்டத்தில் பிள்ளைகள் கையை நீட்டி உறுதிமொழி எடுக்கிறார்கள். பதாகை பிடித்துக் கடைவீதி வரை ஊர்வலம் போய் வருகிறார்கள். மண்டையோடும் சிரிஞ்சும் வரைந்த ஓவியத்துக்குப் பரிசு கிடைக்கிறது. இதிலெல்லாம் கெடுதல் ஒன்றும் இல்லை. ஆனால் இதனால் எத்தனை பிள்ளைகள் போதைப் பக்கம் போகாமல் தப்பினார்கள் என்று கேட்டால் கணக்குக் கிடைக்காது. அப்படிக் கணக்குப் பார்த்த நாடு அமெரிக்கா. 1983-இல் லாஸ் ஏஞ்சலஸ் காவல் துறை 'டேர்' என்றொரு திட்டத்தைத் தொடங்கியது. சீருடை போட்ட போலீஸ்காரர் வகுப்பறைக்கே வந்து போதையின் கேடுகளைச் சொல்லிக்கொடுப்பார். நண்பன் நீட்டினால் எப்படி மறுப்பது என்று நடித்துக் காட்டுவார். பெற்றோருக்குப் பிடித்தது, போலீசுக்குப் பிடித்தது, அரசியல்வாதிகளுக்கு ரொம்பவே பிடித்தது; நாட்டின் பெரும்பாலான பள்ளி மாவட்டங்களுக்கு அது பரவியது. பாடம் கேட்ட பிள்ளைகளையும் கேட்காத பிள்ளைகளையும் ஆய்வாளர்கள் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்தபோது, இரு தரப்பின் போதைப் பழக்கத்திலும் சொல்லும்படியான வித்தியாசம் இல்லை. 1994-இல் வந்த தொகுப்பாய்வும், 2003-இல் அந்நாட்டு அரசின் தணிக்கை அலுவலகம் கொடுத்த அறிக்கையும் இதைத்தான் காட்டின. 1998 முதல் சில ஆண்டுகளுக்குச் சுமார் நூறு கோடி டாலர் செலவழித்து டிவியில் ஓட்டிய போதை எதிர்ப்பு விளம்பரங்களும் பலிக்கவில்லை. அவற்றை அதிகம் பார்த்த பிள்ளைகளிடம், 'ஊரே கஞ்சா அடிக்கிறது போலிருக்கிறது' என்ற எண்ணம் வளர்ந்ததற்கான தடயங்கள்கூடக் கிடைத்தன.

காரணம் யோசித்தால் விளங்கும். கஞ்சா கெட்டது என்று தெரியாத பதினைந்து வயதுப் பையன் கிடையாது. அவனிடம் இல்லாதது அறிவுரை அல்ல. சாயங்காலம் நாலரை மணியிலிருந்து ராத்திரி தூங்கும் வரை அவன் எங்கே இருக்கிறான், யாரோடு இருக்கிறான், செய்வதற்கு அவனுக்கு என்ன இருக்கிறது, அவனைத் தேட யார் இருக்கிறார்கள் என்பவைதான் அவன் கைக்கு முதல் பொட்டலம் வருமா வராதா என்பதைத் தீர்மானிக்கின்றன. ஒரு நாடு இளைஞர்களிடம் போதையைக் குறைக்க வேண்டுமென்றால் பையனுக்கு மன உறுதி ஊட்டுவதைவிட அவனுடைய சாயங்காலத்தை மாற்றியமைப்பதே பலன் தரும். அது பெரியவர்கள் செய்யவேண்டிய வேலை. இதை ஒரு நாடு செய்து பார்த்து, ஆண்டுக்கு ஆண்டு அளந்தும் வைத்திருக்கிறது. அது வட அட்லாண்டிக்கில் தனியே கிடக்கும் ஐஸ்லாந்து.

1990-களில் ஐஸ்லாந்தின் நிலைமை வெட்கப்படும்படி இருந்தது. வெள்ளிக்கிழமை ராத்திரியானால் தலைநகர் ரெய்க்யவிக்கின் நடுத்தெருக்கள் குடித்துவிட்டுக் கூச்சலிடும் பள்ளிப் பிள்ளைகளால் நிறைந்துவிடும். ஐரோப்பாவிலேயே அதிகம் குடிக்கும் விடலைப் பிள்ளைகளில் இவர்களும் உண்டு. 1998-இல், 15, 16 வயதுப் பிள்ளைகளில் 42 விழுக்காட்டினர் கடந்த ஒரு மாதத்துக்குள் ஒரு முறையாவது போதை ஏறக் குடித்ததாகச் சொன்னார்கள். தினமும் சிகரெட் பிடித்தவர்கள் 23 விழுக்காடு. ஒரு முறையாவது கஞ்சா தொட்டவர்கள் 17 விழுக்காடு. 'போதையில்லா ஐஸ்லாந்து' என்று 1997-இல் அரசு ஒரு திட்டம் அறிவித்தது. பெயரைப் பார்த்தால் நம் ஊர் முழக்கம் மாதிரிதான் தெரிகிறது. ஆனால் உள்ளே இருந்த சரக்கு வேறு.

அந்தச் சரக்கில் ஒரு பங்கு ஹார்வி மில்க்மன் என்ற அமெரிக்க உளவியலாளருடையது. ஹெராயின் எடுப்பவர்களும் ஆம்ஃபெட்டமின் எடுப்பவர்களும் ஒரே ரகம் அல்ல, முதல் வகையினர் மரத்துப்போக விரும்புகிறார்கள், இரண்டாம் வகையினர் முறுக்கேறி நிற்க விரும்புகிறார்கள் என்று 1970-களிலேயே எழுதியவர் அவர். ஆளுக்கு ஏற்ற மனநிலையை ஆள் தேடிக்கொள்கிறான் என்றால், அதே மனநிலையைப் போதையில்லாமல் கொடுத்தால் என்ன என்பது அவர் கேள்வி. 1992-இல் டென்வர் நகரில் அரசுப் பணத்தில் ஒரு திட்டம் தொடங்கினார். திருட்டிலும் போதையிலும் மாட்டிய பிள்ளைகளிடம் சிகிச்சை என்ற பேச்சையே எடுக்கவில்லை. பாட்டு, ஹிப் ஹாப் நடனம், ஓவியம், தற்காப்புக் கலை, எது வேண்டுமோ கற்றுத்தருகிறோம் என்று மட்டும் சொன்னார்கள். மூன்று மாதத்துக்கு என்று வந்தவர்களில் சிலர் ஐந்து ஆண்டுகள் ஒட்டிக்கொண்டார்கள். இந்த எண்ணத்தோடு மில்க்மன் ஐஸ்லாந்துக்கும் போய்வந்துகொண்டிருந்தார்.

இன்னொரு பங்கு இங்கா டோரா சிக்ஃபூஸ்டோட்டிர் என்ற சமூகவியலாளரும் அவர் தோழர்களும் செய்தது. என் கணக்கில் அதுதான் பெரிய பங்கு. 1992-லிருந்து 14 முதல் 16 வயது வரையிலான பிள்ளைகளுக்குப் பள்ளிதோறும் பெயர் எழுதாத கேள்வித்தாள் கொடுக்கப்பட்டது. குடித்தாயா, புகைத்தாயா என்பதோடு அந்தக் கேள்வித்தாள் நிற்கவில்லை. யாரோடு குடித்தாய், வார நாட்களில் அம்மா அப்பாவோடு எவ்வளவு நேரம் இருக்கிறாய், ராத்திரி எத்தனை மணிக்கு மேல் வெளியே சுற்றுகிறாய், உனக்கு ஒரு துன்பம் என்றால் சொல்ல ஆள் உண்டா, பள்ளியில் உன்மேல் யாருக்காவது அக்கறை இருக்கிறதா என்றும் கேட்டது. விடைகளைக் கூட்டிப் பார்த்தபோது போதைக்குப் போகாத பிள்ளைகளிடம் பொதுவாக இருந்தவை நாலைந்துதான். வாரத்துக்கு மூன்று நான்கு முறை ஒழுங்காக நடத்தப்படும் விளையாட்டிலோ கலையிலோ இருந்தார்கள். வார நாட்களில் பெற்றோரோடு இருந்தார்கள். பள்ளியில் தங்களை மதிக்கிறார்கள் என்று நினைத்தார்கள். பின்னிரவில் தெருவில் இல்லை. இந்த முடிவுகள் பத்திரிகைச் செய்தியாகிப் பரணுக்குப் போகவில்லை. ஒவ்வொரு நகராட்சிக்கும் ஒவ்வொரு பள்ளிக்கும் அதனதன் எண்ணிக்கை தனியாகத் திருப்பிக் கொடுக்கப்பட்டது. நாட்டில் இத்தனை விழுக்காடு என்றால் யாருக்கும் உறைக்காது. உங்கள் பள்ளியில் பத்தாம் வகுப்பில் இத்தனை பேர் என்றால் தலைமையாசிரியருக்கும் நகராட்சித் தலைவருக்கும் உறைக்கும்.

அதன்பிறகு சட்டம் வந்தது. சிகரெட் வாங்க 18 வயது, மது வாங்க 20 வயது. இரண்டுக்கும் விளம்பரம் கூடாது. சட்டப்படி ஒருவர் வயதுக்கு வரும் எல்லை 16-இலிருந்து 18-ஆக உயர்ந்தது. 17 வயதுப் பிள்ளைக்கும் பெற்றோரே பொறுப்பு என்றானது. செப்டம்பரிலிருந்து மே தொடக்கம் வரை, 12 வயது வரையான பிள்ளைகள் இரவு 8 மணிக்கு மேலும், 13 முதல் 16 வயதுள்ளவர்கள் 10 மணிக்கு மேலும் பெரியவர் துணையில்லாமல் வெளியே இருக்கக்கூடாது. பொழுதே சாயாத கோடையில் இரண்டு மணி நேரம் சலுகை. இந்த நேர அட்டவணையைக் காந்தம் வைத்த அட்டையாக அடித்து வீடுகளுக்குக் கொடுத்தார்கள். அது ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டியிருக்கும். 'எல்லா வீட்டிலும் விடுகிறார்கள், நீங்கள் மட்டும்தான் விடமாட்டேன் என்கிறீர்கள்' என்று மகள் சண்டை போட்டால் அம்மா அந்த அட்டையைக் காட்டினால் போதும். பள்ளிதோறும் பெற்றோர் சங்கம் கட்டாயமானது. பெரியவர் இல்லாத வீட்டில் பார்ட்டிக்கு இடம் கொடுக்கமாட்டோம், பிள்ளைகளுக்கு மது வாங்கித் தரமாட்டோம், அடுத்த வீட்டுப் பிள்ளையையும் கவனித்துக்கொள்வோம் என்று வகுப்புவாரியாகப் பெற்றோர்கள் ஒப்பந்தம் எழுதிக் கையெழுத்துப் போட்டார்கள். வெள்ளிக்கிழமை ராத்திரிகளில் பளபளக்கும் மேலங்கி மாட்டிக்கொண்டு இரண்டிரண்டு பேராகத் தெருவை ஒரு சுற்றுச் சுற்றிவந்தார்கள். நம் ஊரில் உறுதிமொழி எடுப்பது பிள்ளை. அங்கே எடுத்தவர்கள் தாய் தகப்பன்.

வீட்டுக்கு வா என்று மட்டும் சொன்னால் பிள்ளை ஃபோனை எடுத்துக்கொண்டு மூலையில் உட்காரும். அதனால் போகவும் இடம் செய்தார்கள். பனியிலும் காற்றிலும் வெளியே ஆடமுடியாத ஊரில் கூரை போட்ட கால்பந்துக் கூடங்கள் கட்டினார்கள். கிளப்புகளில் சம்பளத்துக்குப் பயிற்சி பெற்ற பயிற்சியாளர்களை வைத்தார்கள். இசை, நடனம், ஓவியம் எல்லாவற்றுக்கும் அரசுப் பணம் பாய்ந்தது. ரெய்க்யவிக்கில் ஒவ்வொரு பிள்ளைக்கும் 'பொழுதுபோக்கு அட்டை' ஒன்று உண்டு. 2016 வாக்கில் ஆண்டுக்கு 35,000 குரோனா, அன்றைய மதிப்பில் ஏறக்குறைய 20,000 ரூபாய், அதில் இருந்தது. கால்பந்தோ வயலினோ, பிள்ளை சேரும் இடத்துக்கு அந்தப் பணம் போகும். ஏழை வீட்டுப் பிள்ளை கட்டணத்துக்காகத் தயங்கி நிற்கக்கூடாது என்பது நோக்கம். 2016 ஐரோப்பியக் கோப்பையில் இங்கிலாந்தை இந்தக் குட்டி நாடு தோற்கடித்தபோது உலகம் வியந்தது. அந்தக் கூடங்களுக்கு அதிலும் ஒரு பங்கு உண்டு என்பது கால்பந்துக்காரர்கள் பேச்சு. போதைக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லைதான். ஆனால் பிள்ளைகளுக்காகச் செலவழித்த பணம் ஒரே கணக்கில் மட்டும் வரவு வைப்பதில்லை.

2016-இல் எடுத்த கணக்கில், கடந்த மாதம் போதை ஏறக் குடித்தவர்கள் 42-இலிருந்து 5 விழுக்காடாகக் குறைந்திருந்தார்கள். தினமும் புகைப்பவர்கள் 23-இலிருந்து 3. கஞ்சாவைத் தொட்டவர்கள் 17-இலிருந்து 7. எனக்கு இவற்றைவிட முக்கியமாகப் படுபவை வேறு இரண்டு எண்கள். 1997-க்கும் 2012-க்கும் இடையில், வார நாட்களில் பெரும்பாலும் பெற்றோரோடு நேரம் கழிப்பதாகச் சொன்ன பிள்ளைகள் 23 விழுக்காட்டிலிருந்து 46-ஆக இரட்டிப்பானார்கள். வாரத்துக்கு நான்கு முறையாவது ஒழுங்கான விளையாட்டுப் பயிற்சிக்குப் போனவர்கள் 24-இலிருந்து 42 ஆனார்கள். முதலில் சாயங்காலங்கள் மாறின. பழக்கமும் கூடவே மாறியது.

இதற்கு மறுப்பு உண்டு, அதில் நியாயமும் உண்டு. மேற்கு நாடுகள் பலவற்றிலும் இளைஞர்கள் குடிப்பதும் புகைப்பதும் இந்தக் காலத்தில் குறைந்துதான் வந்திருக்கின்றன. எல்லா ஊரிலும் பெய்த மழைக்கு ஐஸ்லாந்து ஏன் பெருமை கொண்டாட வேண்டும் என்று கேட்கிறார்கள். சீட்டுக் குலுக்கிப் பாதி ஊர்களில் செய்து, பாதியில் செய்யாமல் விட்டு ஒப்பிடுவதுதான் கறாரான சோதனை. நாடு முழுக்க ஒரே சமயத்தில் இறங்கிவிட்டதால் அதற்கு வழியில்லாமல் போயிற்று. ஆகவே முழுப் பெருமையும் இந்தத் திட்டத்துக்கே என்று எழுதினால் அது மிகை. ஆனால் மற்ற நாடுகள் பலவற்றில் சரிவு 2000-க்குப் பிறகு மெல்லத் தொடங்கியது. இங்கே முன்கூட்டியே தொடங்கி, மேல்தட்டிலிருந்து ஐரோப்பாவின் அடித்தட்டு வரை இறங்கியது. அதோடு, காரணம் என்று எதைக் கண்டுபிடித்து அதன்மேல் வேலை செய்தார்களோ அந்தக் காரணங்களும் கூடவே அளக்கப்பட்டு மாறியிருக்கின்றன. பொதுவான மழை என்று மட்டும் சொல்லி இதைத் தள்ளிவிட முடியாது.

அடுத்தது நம் ஊரில் அடிக்கடி கேட்பது. விற்கிறவனைப் பிடித்து உள்ளே போட்டால் பிரச்சினை தீர்ந்தது, எதற்கு இந்தச் சுற்றுவழி? விற்கிறவனைப் பிடிக்கத்தான் வேண்டும். பிள்ளைகளுக்குப் போதைப்பொருளோ மதுவோ புகையிலையோ கொடுத்தால் ஏழாண்டு வரை கடுங்காவலும் ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதமும் என்று 2015-ஆம் ஆண்டின் சிறார் நீதிச் சட்டமே சொல்கிறது. அந்தப் பிரிவை எடுத்து வீசினாலே பள்ளி வாசல் பெட்டிக்கடைகள் பாதி அடங்கும். ஆனால் வேண்டும் என்பவன் இருக்கும்வரை தருகிறவன் வந்துகொண்டே இருப்பான். கஞ்சா வருவது சிரமமானால், மருந்துக்கடையில் கிடைக்கும் வலி மாத்திரையைக் கரைத்து ஊசியில் ஏற்றுகிறார்கள். தமிழ்நாட்டுப் போலீசார் மாத்திரைக் கும்பல்களைப் பிடிக்கும் செய்திகள் இப்போது கஞ்சாச் செய்திகளுக்குப் பக்கத்திலேயே வருகின்றன. தண்டனை போதவில்லை என்பவர்கள் தாய்லாந்தைப் பார்க்கலாம். 2003-இல் அந்நாடு போதைக்கு எதிராகப் போர் என்று அறிவித்தது; மூன்றே மாதத்தில் 2,000-க்கும் மேற்பட்டோர் கொல்லப்பட்டார்கள். விசாரணையில்லாமல் செத்தவர்களில் போதைக்கே சம்பந்தமில்லாதவர்களும் இருந்தார்கள். அங்கே மெத்தாம்ஃபெட்டமின் மாத்திரை இன்றும் தாராளம். ஆட்டத்தைத் தொடங்கிவிட்ட பையனைக் குற்றவாளியாக்குவதிலும் லாபமில்லை. வழக்கு ஒன்று பதிவானால் வேலை போச்சு, பாஸ்போர்ட் போச்சு. பிறகு அவனுக்கு இழக்க என்ன இருக்கிறது? 1985-ஆம் ஆண்டின் போதைப்பொருள் சட்டத்திலேயே, சிறிய அளவோடு பிடிபட்ட பழக்கக்காரர் தானாக முன்வந்து சிகிச்சை எடுத்துக்கொண்டால் வழக்கிலிருந்து விலக்குத் தரும் 64ஏ பிரிவு இருக்கிறது. அதை எத்தனை பெற்றோர் கேள்விப்பட்டிருக்கிறார்கள்?

ஐஸ்லாந்து நான்கு லட்சம் பேர்கூட இல்லாத பணக்கார நாடு, அது நமக்கு எப்படிப் பொருந்தும் என்பது மூன்றாவது கேள்வி. எண்ணிக்கையைப் பற்றிய பகுதிக்கு விடை எளிது: அங்கே திட்டம் நடந்தது நாட்டு அளவில் அல்ல, ஒரு பள்ளியும் அதைச் சுற்றிய தெருக்களும் என்ற அளவில். அந்த அளவில் நம் பேரூராட்சிகளும் அவர்கள் ஊர்களும் ஒன்றுதான். பணத்தைப் பற்றிய பகுதி சிக்கலானது. பெற்றோரோடு நேரம் செலவழி என்றால், திருப்பூர் பனியன் கம்பெனியில் ஒன்றரை ஷிஃப்ட் பார்க்கும் தாயும் தகப்பனும் வீடு வரும்போது ராத்திரி ஒன்பது. அவர்களிடம் ஒப்பந்தத்தில் கையெழுத்து வாங்குவது குத்திக்காட்டுவது போல ஆகும். ஐஸ்லாந்தில் பெற்றோர் செய்ததை இங்கே அந்த நேரத்துக்கு வேறு யாராவது செய்தாக வேண்டும். இடம் ஏற்கெனவே இருக்கிறது. பள்ளிக்கு விளையாட்டிடம் வேண்டும் என்று 2009-இன் கல்வி உரிமைச் சட்டம் விதிக்கிறது. பல பள்ளிகளில் மைதானம் நன்றாகவே இருக்கிறது. நாலரை மணிக்கு வாட்ச்மேன் கேட்டைப் பூட்டிவிடுகிறார். பி.டி. பீரியடைக் கணக்கு வாத்தியார் கேட்டு வாங்கிக்கொள்கிறார். சிறப்பு வகுப்பு தேறும் பிள்ளைகளைப் பிடித்துவைத்துக்கொள்கிறது. தேறாது என்று முடிவுகட்டப்பட்ட பிள்ளை, அதாவது ஆபத்து அதிகமுள்ள பிள்ளை, முதல் ஆளாகத் தெருவுக்கு வருகிறான். பூட்டைத் திறந்து, விளக்குப் போட்டு, வட்டாரத்துக்குச் சில பயிற்சியாளர்களுக்கு ஏழரை மணி வரை சம்பளம் கொடுப்பது, பாலத்துக்கும் சாலைக்கும் ஆகும் செலவோடு வைத்துப் பார்த்தால் பெரிய தொகை அல்ல. பெண் பிள்ளைகளுக்கு அந்த நேரத்தில் வீடு திரும்பும் வழியும் சேர்த்து யோசிக்க வேண்டும். அதை விட்டுவிட்டால் மைதானம் பையன்களுடையதாகவே போய்விடும்.

மதுவைப் பற்றி ஒன்று சொல்லவேண்டும். ஐஸ்லாந்திலும் சில்லறை மதுக்கடைகளை நடத்துவது அரசுதான். இந்த விஷயத்தில் அவர்களுக்கும் டாஸ்மாக்குக்கும் ஒற்றுமை உண்டு. அங்கே கடைகள் குறைவு, வரி கடுமை, நோக்கம் விற்பனையை அடக்கிவைப்பது. அரசு விற்கிறதா தனியார் விற்கிறார்களா என்பதைவிட, ஆண்டுக் கடைசியில் வசூல் கூடினால் மகிழ்வதா, குறைந்தால் மகிழ்வதா என்பதே பெரிய கேள்வி. தகப்பன் தினமும் குடிக்கும் வீட்டில் மகனுக்குச் சொல்லும் அறிவுரை எந்த அளவுக்கு ஏறும் என்பதை விளக்கத் தேவையில்லை.

இந்த வழி எல்லாவற்றையும் தீர்த்துவிடாது. ஐஸ்லாந்திலேயே சிகரெட் போன இடத்தில், உதட்டுக்குள் அடக்கிக்கொள்ளும் நிகோடின் பொட்டலம் இளைஞர்களிடம் பரவியிருக்கிறது. நம் ஊர் ஆசிரியர்களுக்கு அது புதிதாக இருக்காது. பரீட்சைக் கூடத்தில் பிள்ளை கீழுதட்டை ஒரு மாதிரி மடித்து வைத்திருந்தால் அது 'கூல் லிப்' என்று இப்போது அவர்களுக்குத் தெரியும். வாசனை மறைந்துவிடும், புகை இல்லை, எச்சில் துப்பவும் வேண்டாம். மதுரை உயர் நீதிமன்றக் கிளை 2024-இல் இதைக் கையில் எடுத்துக் கேள்வி கேட்கும் அளவுக்குப் போயிற்று. புதுச் சரக்கு வரும்போதெல்லாம் கேள்வித்தாளும் மாறவேண்டும். அதனால்தான் கணக்கெடுப்பு ஒரு தடவையோடு நிற்கக்கூடாது. ஏற்கெனவே அடிமையாகிவிட்டவர்களுக்கும் இந்த மைதானமும் அட்டையும் போதாது. அவர்களுக்குத் தேவை மருத்துவம். போர்ச்சுகல் 2001 முதல் செய்வதுபோல, சொந்த உபயோகத்துக்கு வைத்திருந்தவரைக் கோர்ட்டுக்கு அனுப்பாமல் ஆலோசனைக் குழுவுக்கும் சிகிச்சைக்கும் அனுப்பும் ஏற்பாடு.

இதைவிடப் பெரிய ஓட்டை வேறிடத்தில் இருக்கிறது. 2019-இல் மத்திய அரசு வெளியிட்ட நாடு தழுவிய ஆய்வில், பெரியவர்களைவிடச் சிறுவர்களிடம் அதிகமாகக் காணப்பட்ட ஒரே போதை, முகர்ந்து ஏற்றுவது: பஞ்சர் ஒட்டும் சொல்யூஷன், ஒயிட்னர், பெயின்ட் தின்னர். கைக்குட்டையில் நனைத்து மூக்கில் வைத்தால் பசி தெரியாது. ரயில் நிலையத்திலும் குப்பைமேட்டிலும் இருக்கும் பிள்ளைகளில் பலருக்கு அதுதான் பழக்கம். இவர்கள் வகுப்பறையில் இல்லை, கேள்வித்தாள் இவர்கள் கைக்குப் போகாது, நாலரை மணிக்கு மைதானத்தைத் திறந்தாலும் இவர்கள் வரமாட்டார்கள். பள்ளியை நம்பிக் கட்டிய ஐஸ்லாந்துத் திட்டத்தில் இவர்களுக்கு விடை இல்லை. பள்ளி செல்லாப் பிள்ளைகளைத் தேடி நம் பள்ளிக் கல்வித் துறை ஒவ்வோர் ஆண்டும் வீடு வீடாகக் கணக்கெடுக்கிறது. எந்தத் தெருவில் யார் நின்றுவிட்டார்கள் என்பது அதில் இருக்கிறது. மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் போதை ஒழிப்புக் கூட்டம் நடக்கும்போது காவல் துறையின் வழக்குப் பட்டியல் மேசைக்கு வருகிறது. அந்த இன்னொரு பட்டியலும் அதே மேசைக்கு வரவேண்டும்.